இரண்டு சட்டைகளும் ஒரு சென்ட் பாட்டிலும்

19.01.2025, ஞாயிறு

ஐயப்பன் அடுத்த மாதம் எட்டாம் தேதி ஊருக்குப் போகிறான். இன்றைக்கே கேம்ப்பில் பாதிப் பேர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாசமெல்லாம் இல்லை, பார்சல்தான். எனக்கு மட்டும் டீ இல்லாமலே இரண்டு கிலோ ஒதுக்கியிருக்கிறான். பக்கத்து ஊர்க்காரன், ஒரே பெஞ்சில் படித்தவன், இப்போது ஒரே ரூமில் மேல் கட்டில்.

அகிலாவுக்கு என்ன அனுப்புவது? கேட்டால் "ஒண்ணும் வேணாங்க" என்பாள். அதை நம்பி ஒன்றும் அனுப்பாமல் இருக்க நான் என்ன புது மாப்பிள்ளையா? போன முறை கோடாலித் தைலமும் பாதாமும் அனுப்பினேன். "நான் என்ன கெழவியாங்க?" என்று கேட்டுவிட்டாள். இந்த முறை சென்ட் என்று முடிவு செய்து, ராஸ் அல் கைமா டவுனுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே நகீல் கடைத்தெருவில் இர்ஷாத் பாயின் சென்ட் கடை. பாலக்காட்டுக்காரர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். லேசான பூ வாசனை வேண்டும், தலைவலி வரக்கூடாது என்றேன். பச்சை மூடி போட்ட ஒரு பாட்டிலைக் காகிதத் துண்டில் அடித்துக் கொடுத்தார். எலுமிச்சைத் தோலும் மல்லிகையும். இதுவே போதும் என்று பர்ஸை எடுத்தேன். விடவில்லை. "பேப்பரை நம்பாதீங்க. பேப்பருக்கு வேர்க்காதுல்ல? கையக் காட்டுங்க. தேய்க்கக் கூடாது, கேட்டோ? சும்மா விட்டுட்டு ஊர் சுத்துங்க. ராத்திரி மோந்து பாத்துட்டு, அடுத்த ஞாயிறு வந்து சொல்லுங்க."

இடது மணிக்கட்டில் இரண்டு அடி. பஸ்ஸில் உட்கார்ந்தபோது எலுமிச்சை போய்விட்டது. மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனேன். அப்போது ஒன்று வந்தது. பூ என்றும் சொல்ல முடியாது. தெரிந்த வாசனை, ஆனால் எங்கே எப்போது என்று பிடிபடவில்லை. கேம்ப் வாசலில் இறங்கும்போது அதுவும் இல்லை. துவைத்து மடித்த துணிக்குள் சந்தனக்கட்டை வைத்த மாதிரி ஒரு மணம்தான் மிச்சம்.

20.01.2025

குளித்த பிறகும் கொஞ்சம் இருக்கிறது. சிமென்ட் ஃபேக்டரி ஸ்டோரில் பேரிங் பெட்டிகளை எண்ணும்போது நாலு தடவை மோந்து பார்த்தேன். எண்ணிக்கை தப்பியது.

26.01.2025, ஞாயிறு

மறுபடி நகீல். மறுபடி அதே பாட்டில், அதே மணிக்கட்டு. இந்தத் தடவை மணி பார்த்துக்கொண்டேன். இருபதாவது நிமிடத்தில் அது வந்தது.

அகிலா. அவள் காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடம்.

கால் மணி நேரம் இருந்திருக்கும். பஸ் நிறுத்தத்தில் கையை முகத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாகிஸ்தான் பட்டாணியன், "பாய், தபியத் கராப்?" என்றான், உடம்புக்கு என்ன என்று. ஒன்றுமில்லை என்றேன்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு அவள் வாசனை மறந்துபோய்விட்டது. கடைசியாக ஊரில் இருந்தது 2023 ஏப்ரல். போன வருஷ லீவை ஸ்டோர் ஆடிட் வந்து தின்றுவிட்டது. முகத்தைத் தினமும் போனில் பார்க்கிறேன். குரல் கேட்கிறேன். அவள் தாளிப்பதும் மகள் சம்யுக்தா அடம் பிடிப்பதும் எல்லாம் வருகிறது. வாசனை மட்டும் வருவதில்லை. எப்போது மறந்தது என்றுகூடத் தெரியவில்லை.

எனக்கென்று ஒரு சின்ன பாட்டில் வாங்கிவிட்டேன். அலமாரியில் ஷேவிங் சாமான்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

29.01.2025

டூட்டி முடிந்து குளித்து, சட்டை போட்டு, மணிக்கட்டிலும் கழுத்திலும் அடித்தேன். மெஸ்ஸில் ஐயப்பன் மூக்கைச் சுளித்தான். "என்ன மாப்ள, கல்யாண வீட்டுப் பொம்பளைக பக்கத்துல ஒக்காந்த மாதிரி இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோருக்கு வந்த புது சோப்பு என்று சொல்லிவைத்தேன்.

02.02.2025, ஞாயிறு

அகிலாவுக்கு அதே சென்ட், சீல் பிரிக்காத பெரிய பாட்டில் வாங்கியாயிற்று. அட்டைப் பெட்டி, மேலே கண்ணாடித்தாள். ஐயப்பனின் பையில் உடையாமல் போகவேண்டுமே என்று, இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி பழைய சட்டையில் சுற்றினேன். பாட்டிலும் தப்பும், சட்டையும் ஊர் போய்ச் சேரும். கொக்கியில் தொங்கிய கோடு போட்டது ஒன்று, காக்கி நிறத்தில் ஒன்று. இரண்டும் ஓரிரு தடவை போட்டவைதான், அழுக்கில்லை.

08.02.2025

ஐயப்பன் கிளம்பினான். ரூமில் இடம் அதிகமாகிவிட்டது. அவன் குறட்டை இல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

11.02.2025

நேற்று பார்சல் கிடைத்திருக்கிறது. இன்று டூட்டி முடிந்து வந்ததும் கூப்பிட்டேன். நன்றாக இருக்கிறது, தலை வலிக்கவில்லை, மணக்க மணக்க மல்லிகைதான் என்பாள் என்று நினைத்துக்கொண்டு—

"சட்டையில இருக்குறது யாரு சென்டுங்க?"

புரியவில்லை. எந்தச் சட்டை என்றேன்.

"ரெண்டு சட்டையிலயுந்தேன். காலர்லயும் இருக்கு, கையிலயும் இருக்கு."

அந்தப் பாட்டில் ஒழுகியிருக்கும் என்றேன். கண்ணாடித்தாள் பிரியவே இல்லை, நான்தான் பிரித்தேன் என்றாள். அடித்தும் பார்த்திருக்கிறாள். "இது பூவு. காலையில போட்டது, சாயங்காலம் வரைக்கும் பூவாத்தேன் மணக்குது. சட்டையில இருக்குறது வேற. எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு, வேற ஒண்ணு போட்டவ கூடப் பழகுறீங்களா?"

கடையில் அடித்துப் பார்த்தது என்று சொன்னேன். முழுப் பொய் இல்லை. "கடையில அடிச்சுப் பாத்தா கழுத்துலயுமா அடிப்பாக? ரெண்டு சட்டைக்குமா?" என்றாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? பொம்பளை சென்டை நான்தான் பூசிக்கொண்டு திரிந்தேன் என்றா? உன் வாசனை எனக்கு மறந்துவிட்டது என்றா? அதைக் கேட்டால் இதைவிடக் கோபம் வராதா?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதுதான் என் புத்தி. பதில் இல்லாத இடத்தில் எனக்குச் சத்தம் வரும். "போயி வேற வேலையப் பாரு" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன்.

12.02.2025

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை.

16.02.2025, ஞாயிறு

ஐயப்பனிடம் போனில் சொல்லி, கொஞ்சம் எடுத்துச் சொல்லிவிட்டு வா என்று அவளிடம் அனுப்பினேன். எனக்கு ஏன் அந்தப் புத்தி போனது?

போய் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறான். "அவன் தங்கமான பய தங்கச்சி, டூட்டி விட்டா ரூமு, ரூம விட்டா டூட்டி. ஞாயித்துக்கெழம ஆனா மட்டும் குளிச்சு முழுகி நகீலுக்குப் போயிருவான்."

"நகீல்ல யாரு?" என்று கேட்டாளாம். இவன் திருதிருவென்று முழித்திருக்கிறான். தெரியாதவன் தெரியாது என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே? "அது தெரியல, ஆனா வரும்போது மொகம் தெளிஞ்சு வருவான்" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறான். வக்கீல் வைத்துத் தூக்குக் கயிறு வாங்கிக்கொண்டேன்.

19.02.2025

அகிலா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பரமக்குடிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தையே போன் செய்து சொன்னார். சுந்தராம்பாள் அத்தை என்னிடம் எப்போதும் நயமாகத்தான் பேசுவார். இன்றும் அப்படித்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "மாப்ள, நான் ஒண்ணும் கேக்கல. லீவுல வந்தா நீங்க நேரா ஒங்க வீட்டுக்குப் போயிக்கங்க, சாவி பக்கத்து வீட்டுல இருக்குன்னு சொல்லச் சொன்னா. அவ இங்கனதேன் இருப்பாளாம். பிள்ளைக்கு ஸ்கூலையும் இங்க மாத்தணுங்குறா."

ஸ்கூலை மாத்துறாளாம். கல்யாணமாகிப் பதினோரு வருசம்! ஒரு சட்டைக் காலருக்கா?

ரொம்ப நேரம் கழித்து எழுதுகிறேன். அவள் இடத்தில் நான் இருந்தால்? அவள் புடவையில் எனக்குத் தெரியாத ஒரு மணம் இருந்தால், ஏழு தடவை போனை எடுக்காமல் இருப்பதோடு நிறுத்தியிருப்பேனா? இருக்கமாட்டேன்.

23.02.2025, ஞாயிறு

இர்ஷாத் பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம், சத்தமும் சேர்ந்து வந்துவிட்டது. உங்கள் பாட்டில் இரண்டும் ஒன்றுதானா, இல்லை மாற்றிக் கொடுத்துவிட்டீரா என்று சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. பாட்டிலை எடுத்தார். என் கையில் ஒரு அடி, தன் கையில் ஒரு அடி. கடையில் வேலை பார்க்கும் இலங்கை மன்னார்ப் பெண் சப்ரீனாவைக் கூப்பிட்டு அவள் கையிலும் ஒரு அடி. "உட்காருங்க" என்றார்.

இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சப்ரீனாவின் கையில் மல்லிகை அப்படியே இருந்தது. இர்ஷாத் பாய் கையில் சர்க்கரைப் பாகு மாதிரி ஏதோ. என் கையில் பூவே இல்லை, அந்த மடித்த துணி வாசம்தான். "எண்ணெய்ப் பசை உள்ள தோல் பூவைப் பிடிச்சு வைக்கும். நீங்க பத்து வருஷமா சிமென்ட்டுல நிக்கிற ஆளு. உங்க தோல் காஞ்ச தரை. பூவைக் குடிச்சுட்டு அடியில உள்ள கட்டையத்தான் வெளிய விடும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதைச் சொன்னால் முடிந்தது! கையை வீடியோவில் காட்டி... என்ன காட்டுவது? கையைத்தான் காட்ட முடியும்.

சப்ரீனா கல்லாப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "அண்ணா, ரெண்டும் ஒரு சென்ட்தான் எண்டு நீங்க நிரூபிச்சாலும் அவவுக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்குமெல்லோ?" என்றாள். என்ன கேள்வி என்றேன். "ஒரு ஆம்பிளை ஏன் கிழமைக்குக் கிழமை பொம்பிளையளின்ர சென்டைப் பூசினவர்? அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

பஸ் ஏறிவிட்டேன்.

02.03.2025, ஞாயிறு

நேற்று நோன்பு தொடங்கியது. பகலில் மெஸ் பக்கம் சத்தமே இல்லை. ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அகிலாவுக்கு வாய்ஸ் அனுப்பினேன். அழித்து அழித்து ஆறாவது தடவை பேசியதுதான் போனது. என்ன பேசினேன் என்று மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

"அகிலா, சட்டையில இருக்குறதும் பாட்டில்ல இருக்குறதும் ஒண்ணுதேன். அதைப் போட்டது நாந்தேன். வேற யாரும் இல்ல. ஒன் மொகம் தெனமும் பாக்குறேன், கொரல் கேக்குறேன். ஒன் வாசன மட்டும் எனக்கு மறந்துபோச்சு. இந்தச் சென்டப் போட்டா இருவது நிமிசத்துல அது கொஞ்ச நேரம் வருது. வந்துட்டுப் போயிருது. அதுக்காகத்தேன் மறுபடி மறுபடி போட்டேன். அன்னைக்குக் கத்துனது தப்பு."

அனுப்பிய பிறகு காது வரைக்கும் சுட்டது. நாற்பது வயதில் இப்படி ஒரு பேச்சு.

03.03.2025

இரண்டு நீல டிக். பதில் இல்லை.

07.03.2025

இல்லை.

12.03.2025

சம்யுக்தா போன் செய்தாள். அம்மாவின் போனிலிருந்து. பள்ளிக்கூடம் மாறவில்லையாம், தினமும் பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் போகிறாளாம். பிறகு யாரோ பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, "அப்பா, லீவு எந்தத் தேதின்னு கேக்கணும்" என்றாள். ஏப்ரல் இருபது என்றேன். "ம்" என்று ஒரு பெரிய ஆளின் குரல் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அந்த "ம்"-ஐ வைத்துக்கொண்டு இன்று முழுவதும் ஓட்டினேன்.

30.03.2025

பெருநாள். இர்ஷாத் பாய் கடைக்கு வாழ்த்துச் சொல்லப் போனேன். சென்ட் அடிக்க வந்தார், வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

என் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு போடவில்லை. இருபதாவது நிமிடம் வருவது அவள்தானா, இல்லை நானாக நினைத்துக்கொண்டதா? இத்தனை நாள் ஆகிவிட்டது, எதை வைத்து ஒப்பிட்டுச் சரி என்று சொன்னேன்? அதுவே தெரியவில்லை.

21.04.2025

மதுரையில் இறங்கி, பஸ் மாறி, வீட்டுக்கு வரும்போது மதியம் ஆகிவிட்டது. வெயில் ராஸ் அல் கைமாவுக்குச் சளைத்ததில்லை. சாவி வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். "சாவி எதுக்கு? தொறந்துதான கெடக்கு" என்றார்கள்.

உள்ளே அகிலா தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கால நனைச்சுக்கிறாதீங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சோறு போட்டாள். படுக்க எனக்கு முன் அறையில் பாய், அவளும் பிள்ளையும் உள்ளே.

இதற்கே நான் நன்றி சொல்லவேண்டும். ஆனாலும் வலிக்கிறது.

24.04.2025

காலையில் பிள்ளை விளையாடப் போன பிறகு, அகிலா பீரோவிலிருந்து அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் குறைந்திருந்தது. என் இடது கையைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு அடி அடித்தாள். தன் கையிலும் அடித்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைத் தனியே நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் தண்ணீர் படக்கூடாது, வேர்வை ஓடக்கூடாது, ஈ உட்காரக்கூடாது. தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கையில் அடியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பரீட்சைக்குக்கூட நான் இப்படி உட்கார்ந்ததில்லை.

பத்து மணிக்கு ஒரு தடவை வந்து மோந்தாள். பதினொன்றரைக்கு ஒரு தடவை. ஒரு மணிக்குக் கரண்டியோடு வந்து குனிந்தாள், நிமிரவில்லை.

"சட்டையில இருந்தது இதுதேன்" என்றாள். தன் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் மல்லிகை காலையில் இருந்த மாதிரியே இருந்தது.

"இப்பயாச்சும் நம்புறியா?" என்றேன். ஜெயித்த மிதப்பு, வேறென்ன.

"வாய்ஸ் கேட்ட அன்னைக்கே நம்பிட்டேன். நீங்க போனை வச்சீங்கல்ல, அந்த ஆத்திரந்தேன் போகல." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நம்பினவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"பார்சலப் பிரிச்சதும் நான் சென்ட்டையா எடுத்தேன்னு நெனைக்கிறீங்க? அத ஓரமா வச்சுட்டு சட்டையத்தேன் எடுத்தேன். மூஞ்சியில வச்சு அமுக்குனேன். ரெண்டு வருசமா வேற எதையும் கேட்டேனா ஒங்ககிட்ட? ஒங்க வாட அதுல இல்லைங்க. எங்க தேடியும் இல்ல. எவளோ ஒருத்தி ஒங்களச் சுத்தமா வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டா மாதிரி இருந்துச்சு."

அவளுக்காக நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று எவ்வளவு பெருமையாக வாய்ஸ் அனுப்பினேன்! அந்தப் பக்கமும் ஒருத்தி தேடிக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே. அவளுக்குக் கிடைக்கவேண்டியதை அழித்தது எவளும் இல்லை, நான்தான், என் கையாலேயே, மறுபடி மறுபடி.

நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து, இரண்டு பேருக்கும் வேறு எந்த மணமும் தெரியவில்லை.

25.04.2025

முன் அறைப் பாயை அகிலா சுருட்டி மேலே வைத்துவிட்டாள்.

ஒன்றை எழுதவேண்டும். இருபதாவது நிமிடத்து வாசனை அவளுடையது இல்லை. பக்கத்தில்கூட வரவில்லை.

19.05.2025

நாளை மதியம் விமானம். பின்பக்கம் கருவேலம் மண்டிக்கிடந்ததை நேற்று முழுதும் வெட்டினேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, பிழிந்தால் வேர்வை ஒரு சொம்பு தேறும். சாயங்காலம் கழற்றித் துவைக்கப் போட்டேன்.

இன்று பெட்டி அடுக்கினேன். ஆறு சட்டையோடு வந்தேன், ஐந்துதான் இருக்கிறது. எல்லாம் துவைத்து, தேய்த்து, மடித்து. நீலக் கட்டம் மட்டும் இல்லை.

அகிலாவைக் கேட்டேன். அவள் சம்யுக்தாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கொடியில கெடந்துச்சு. காத்துல எங்கிட்டாச்சும் போயிருக்கும்."

வெளியே பார்த்தேன். காலையிலிருந்து ஒரு இலைகூட அசையவில்லை.

சரி, காற்றில்தான் போயிருக்கும் என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.